பெயர்ப்பலகை இல்லாத பெட்டி: பழங்கணினிச் சாதனங்களை இனங்காண ஓர் அறிமுகம்

கீழக்கரையிலிருந்து ஏர்வாடிக்குப் போகும் வழியில் சாலையோரமாக ஒரு காயலான் கடை இருக்கிறது. காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்பார்கள். இன்று எந்த ஊரில் பழைய சாமான் கடை வைத்தாலும் அதற்கு அதுதான் பெயர். அங்கே படகு எந்திரத்தின் உடைந்த பாகங்களுக்கும் துருப்பிடித்த நங்கூரச் சங்கிலிகளுக்கும் இடையில், இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய கனத்தில், சாம்பல் வண்ணம் பூசிய அலுமினியப் பெட்டி ஒன்று கிடந்தது. அதன் முகப்புப் பலகையை யாரோ முன்பே கழற்றியிருந்தார்கள். பலகையோடு பொத்தான்களும் திரையும் தயாரிப்பாளரின் பெயரும் போய்விட்டன. "ஏதோ ஆபீஸ் கம்ப்யூட்டர், தம்பி. அலுமினிய விலைக்குத்தான் எடுத்துப் போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கிற பச்சை போர்டைத் தங்கம் எடுக்கிறவர் கேட்டிருக்கிறார்" என்றார் கடைக்காரர். நான் அதை எடைக்கு எடை பணம் கொடுத்து வாங்கி வந்தேன். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பெட்டியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

இத்தகைய பொருள் கைக்கு வந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "இது எந்தக் கம்பெனி?" என்பதாகும். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பெயர் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று தோன்றினாலும், கழித்துக் கட்டப்பட்ட சாதனங்களில் பெயர்தான் முதலில் தொலைந்துபோவது. இருக்கும் பெயரும் பல சமயம் விற்றவருடையதாக இருக்குமே தவிர செய்தவருடையதாக இருக்காது. கைப்பேசியில் படம் பிடித்துத் தேடினாலும், இணையத்தில் உள்ள படங்கள் பெரும்பாலும் வீட்டுக் கணினிகளின் வெளித்தோற்றத்தைக் காட்டுவனவாகவே இருப்பதால், ஒரு சிறு தொழிலுக்கென்று குறைந்த எண்ணிக்கையில் செய்த கருவியின் உள்போர்டு அவற்றில் அகப்படுவது அரிது. எனவே இது எந்தச் சூழலில் வாழ்ந்தது, எந்த ஆண்டுக்குப் பிறகு செய்யப்பட்டது, என்ன வேலை செய்தது என்ற வரிசையில் போவதே நல்லது. மூன்றுக்கும் விடை கிடைத்தால் பெயர் தானாக வந்து சேர வாய்ப்புண்டு. வராவிட்டாலும் குறை இல்லை.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில் மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது. அமெரிக்காவுக்கென்று செய்த கருவி 115 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் இனங்காண்பதற்கு எதுவும் மிஞ்சாது. பல்லாண்டுகள் சும்மா கிடந்த மின்தேக்கிகள் வெடிக்கலாம், பழைய டான்டலம் வகை மின்தேக்கிகள் குறுக்கிணைந்து தீப்பற்றலாம். அண்மையில் ஓடிய கருவியாக இருந்தால், இணைப்பை எடுத்த பிறகும் பெரிய மின்தேக்கிகளிலும் திரைக்குழாய்களிலும் மின்னூட்டம் தங்கியிருக்கும். இனங்காணும் வேலையில் ஏறக்குறைய முழுவதையும் மின்சாரமே இல்லாமல் செய்துவிடலாம். தேவைப்படுவன ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, படமெடுக்கக் கைப்பேசி, குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவையே. எதையும் துடைப்பதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நாம் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தது சில சமயம் பென்சிலால் எழுதிய வரிசை எண்ணாக இருக்கும்.

பெட்டியின் பின்புறத்தில் மின்னழுத்தம் எழுதியிருந்தால் முதலில் அதைப் படியுங்கள். போர்டில் உள்ள சில்லுகளை, அதாவது ‘சிப்’புகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் இது அரைக் கதையைச் சொல்லிவிடும். 230 அல்லது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது அலுவலகத்திலோ ஆய்வகத்திலோ சுவர் மின்சாரத்தில் ஓடியது. கழித்தல் குறியுடன் 48 வோல்ட் நேர்மின்சாரம் என்றிருந்தால் பெரும்பாலும் தொலைபேசி நிலையத்துச் சாமான். தொலைபேசி நிலையங்களின் மின்கல அடுக்கு உலகெங்கும் அந்த அளவில்தான் அமைந்தது. 110 வோல்ட் நேர்மின்சாரம் என்றால் ரயில்வேயை நினைக்கலாம். 28 வோல்ட் நேர்மின்சாரம், அல்லது 115 வோல்ட் 400 ஹெர்ட்ஸ் என்று கண்டால் அது விமானத்தோடு தொடர்புடையது. 400 ஹெர்ட்ஸில் மின்மாற்றியைச் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் செய்ய முடியும் என்பதால் விமானங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. 24 வோல்ட் நேர்மின்சாரம் கப்பல்களில் வழக்கம், கனரக வாகனங்களிலும் உண்டு. மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி மையம், பாம்பனில் ரயில் பாலம், ஊர்தோறும் தொலைபேசி நிலையம், கரை நெடுகப் படகுகள் என்று அமைந்த நம் கடற்கரையில் இந்த வகைகளுள் பலவும் ஒரே காயலான் கடையில் அக்கம்பக்கத்தில் கிடக்க வாய்ப்பிருப்பதால், அந்த ஒரு வரியை நான் எப்போதும் முதலில் தேடுகிறேன். என் பெட்டியில் 24 வோல்ட் என்று இருந்தது. கடைக்காரர் சொன்ன ‘ஆபீஸ்’ அத்துடன் விழுந்தது.

அடுத்து, ஒட்டப்பட்ட சீட்டுகள். ஐரோப்பியச் சந்தைக்கான ‘சி.இ.’ முத்திரை இருந்தால் பொருள் பெரும்பாலும் 1990களின் நடுப்பகுதிக்கோ அதற்குப் பிற்பட்ட காலத்துக்கோ உரியது; குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் 2005ஐ ஒட்டிய காலத்திலிருந்து வந்தது. இவை இரண்டும் இல்லாமல், அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் ‘எஃப்.சி.சி.’ அடையாள எண் மட்டும் இருந்தால் 1980களை நினைக்கலாம்; அந்த எண்ணின் முதல் மூன்று எழுத்துகள் விண்ணப்பித்த நிறுவனத்தின் குறியீடு என்பதால், பெயர்ப்பலகை போன பெட்டிக்கும் அதைக் கொண்டு பெயர் கண்டுபிடிக்கலாம். பதின்மூன்று இலக்கங்கள் 4, 2, 3, 4 என்று பிரிந்து கோடுகளுடன் இருந்தால் அது நேட்டோ இருப்பு எண்: முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகையையும் அடுத்த இரண்டு நாட்டையும் சொல்லும், 00, 01 என்பவை அமெரிக்கா, 99 என்பது பிரிட்டன். இராணுவ அடையாளம் உள்ள பொருளை ஏல ரசீது இல்லாமல் வாங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பெட்டியில் இவை எவையும் இல்லை. ஆனால் பக்கவாட்டில், பாதி கிழிந்த ஒரு சிறிய தகட்டில், திசைகாட்டியிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற ‘காம்பஸ் சேஃப் டிஸ்டன்ஸ்’ குறிப்பு இருந்தது. கருவியின் காந்தப்புலம் திசைகாட்டி முள்ளை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கப்பலின் ஓட்டுதளத்தில் வைக்கும் கருவிகளுக்கு இடும் குறிப்பு அது. அலுவலக மேசையில் வைக்கும் கணினிக்கு அந்தக் கவலை இல்லை.

இனி மூடியைத் திறக்கலாம். போர்டின் மீது செம்பிலேயே பொறித்த எண்களும் வெள்ளை மையில் அச்சிட்ட எண்களும் இருக்கும். ‘ஃபேப்’ என்ற சொல்லை அடுத்து வருவது வெற்றுப் போர்டின் எண். ‘அசெம்பிளி’ என்பதன் சுருக்கத்தை அடுத்து வருவது பாகங்கள் பொருத்திய போர்டின் எண். ஒரே வெற்றுப் போர்டில் வெவ்வேறு பாகங்களைப் பொருத்தி இரண்டு வேறு சாதனங்களைச் செய்வது உண்டு என்பதால் இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ‘94வி-0’ என்ற குறி. அதைத் தயாரிப்பு எண் என்றும், 1994ஆம் ஆண்டு என்றும் நினைத்துக்கொண்டு பல நாள் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். முதல் போர்டில் நானும் அலைந்தவன்தான். அது போர்டின் தகடு எந்த அளவுக்குத் தீயைத் தாங்கும் என்பதைச் சொல்லும் தரக்குறி, அவ்வளவே. செப்புத் தடங்களின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். ஆற்றின் வளைவு போல நெளிந்து செல்லும் தடங்கள் கையால் நாடா ஒட்டி வரைந்தவை, பெரும்பாலும் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் செய்தவை. நேர்கோடாகவும் 45 பாகைத் திருப்பங்களாகவும் ஓடும் தடங்கள் கணினி வரைந்தவை. கால்களைத் துளையில் விட்டுப் பற்றவைக்காமல் பரப்பின் மேலேயே ஒட்டிய சிறு பாகங்கள் நிறைய இருந்தால் 1980களின் பிற்பகுதிக்கு முன்பு போக வேண்டியதில்லை.

ஆண்டை நெருக்கமாகச் சொல்பவை சில்லுகளே. பெரும்பாலான சில்லுகளின் முதுகில் வகை எண்ணுடன் ஒரு நான்கிலக்க எண்ணும் இருக்கும்: முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த இரண்டு அந்த ஆண்டின் வாரம். 8421 என்றால் 1984ஆம் ஆண்டின் 21ஆவது வாரம், அதாவது மே மாதக் கடைசி. ஒரு போர்டில் முப்பது சில்லுகள் இருந்தால் முப்பது தேதிகள் கிடைக்கும். அவற்றுள் எது பிந்தியதோ அதற்கு முன்னால் அந்தப் போர்டு செய்யப்பட்டிருக்க முடியாது. இந்த எளிய தர்க்கத்தை இரண்டு கண்ணிகள் குலைக்கும். முதலாவது, 74 வரிசை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1960களில் கொண்டுவந்து, பிறகு ஏறக்குறைய எல்லோரும் செய்த அந்த வரிசையில் 7404, 7432, 7442, 7451 என்றெல்லாம் வகை எண்கள் உண்டு. 7432 என்பது அங்கே நான்கு ‘ஆர்’ தர்க்க வாயில்கள் கொண்ட சில்லு. அதைக் கண்டு 1974ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சில்லில் எழுதியிருக்கும் எண்கள் இரண்டையும் பார்த்து, எது வகை, எது தேதி என்று பிரித்தறிய வேண்டும். இரண்டாவது கண்ணி, பின்னாளில் மாற்றிய சில்லு. பழுதுபார்த்தவர் 1988இல் ஒன்றை மாற்றியிருந்தால் போர்டே 1988இல் பிறந்ததாகத் தோன்றும். சாக்கெட்டில் செருகியவற்றை எளிதில் மாற்றலாம் என்பதால் அவற்றைத் தனியே வைத்துவிட்டு, தொழிற்சாலையில் பற்றவைத்தவற்றை மட்டும் சாட்சியாக ஏற்க வேண்டும். என் பெட்டியில் பற்றவைத்த சில்லுகள் எல்லாம் 8309க்கும் 8421க்கும் இடையில் நின்றன. சாக்கெட்டில் இருந்த ஒன்று மட்டும் 8847. ஆக, 1984இன் நடுப்பகுதிக்குப் பிறகு செய்தது, 1988க்குப் பிறகு ஒரு முறை கை வைத்தது.

சில நிறுவனங்களுக்குத் தனி வழக்கமும் உண்டு. ஹியூலட் பேக்கார்டின் பழைய கருவிகளில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களுடன் 1960ஐக் கூட்டினால் ஆண்டு வரும். 2438 என்று தொடங்கினால் 1984ஆம் ஆண்டு 38ஆவது வாரம். ஆனால் அது வடிவமைப்பைக் கடைசியாகத் திருத்திய காலத்தைக் குறிக்கும், அந்தக் குறிப்பிட்ட கருவி செய்த நாளை அல்ல. அதே நிறுவனம் ஊரறிந்த சில்லுகளின் மேலும் தன் சொந்த எண்ணையே அச்சிட்டுக்கொண்டது. 1820-0054 என்று பார்த்து மிரள வேண்டாம், அது சாதாரண 7400தான்.

ஆண்டு தெரிந்தபின் மூளையை, அதாவது நிரலை ஓட்டும் முதன்மைச் சில்லைத் தேட வேண்டும். நாற்பது கால்கள் கொண்ட நீளமான சில்லு ஒன்று கண்ணில் பட்டால் அதிலிருந்து தொடங்கலாம். இன்டெல் 8080 1974இலும், மாஸ் டெக்னாலஜியின் 6502 1975இலும், 8085, சைலாக் இசட்80 இரண்டும் 1976இலும், 8086 1978இலும் வந்தவை. மோட்டரோலாவின் 68000க்கு 64 கால்கள். அது 1979ஐச் சேர்ந்தது. ஆனால் இந்தப் பெயர்களை அப்படியே எதிர்பார்த்தால் பாதி போர்டுகளில் ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் வெற்றிபெற்ற சில்லுகளைப் பல நிறுவனங்கள் தத்தம் எண்ணில் செய்தன. இசட்80ஐ மட்டும் எடுத்துக்கொண்டால், மோஸ்டெக் அதை எம்.கே.3880 என்றும், ஷார்ப் எல்.எச்.0080 என்றும், ஜப்பானிய என்.இ.சி. டி780 என்றும் எழுதின. கிழக்கு ஜெர்மனியில் அது யு880. சோவியத் சாமான்களில் ருஷ்ய எழுத்துகளோடு கே155 என்று தொடங்கும் சில்லுகள் 74 வரிசைக்கு இணையானவை, கே.ஆர்.580 என்று தொடங்குபவை 8080இன் குடும்பம். சோவியத் சில்லின் கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டருக்குப் பதில் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால், நாற்பது கால் சில்லை நம் சாக்கெட்டில் வைத்தால் கடைசிக் கால்கள் முரண்டு பிடிக்கும். எழுத்து அழிந்துபோன சில்லையும் அப்படித் தொட்டே அடையாளம் காணலாம்.

எங்கே தேடியும் மூளை அகப்படவில்லை, போர்டு மட்டும் சிறு சில்லுகளால் நிறைந்து கிடக்கிறது என்றால் சோர்ந்துவிடக் கூடாது. ஒருவேளை கையில் இருப்பது எல்லாவற்றிலும் அரிய பொருளாகவே இருக்கலாம். ஒற்றைச் சில்லு மூளை 1971இல் 4004 என்ற எண்ணுடன் வருவதற்கு முன்பும், வந்த பிறகு வேகம் வேண்டிய இடங்களிலும், மூளையைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டினார்கள். 74181 என்ற 24 கால் சில்லு ஒரே சமயத்தில் நான்கு பிட்டுகளைக் கூட்டிக் கழிக்கும். அது வரிசையாக நான்கு இருந்தால் முன்னால் இருப்பது பெரும்பாலும் 16 பிட் சிறுகணினியின் மையப் பகுதி. ஏ.எம்.டி.யின் 2901 வகைச் சில்லுகள் நான்கு வரிசையாக நின்றாலும் அதே பொருள். இரும்புத்தாதுப் பொடியில் செய்த கடுகு போன்ற வளையங்களை மெல்லிய கம்பிகளில் வலைபோல் கோத்த தட்டு ஒன்று உடன் இருந்தால், அது காந்த வளைய நினைவகம். அதைத் தங்கம் எடுப்பவரிடமிருந்து காப்பாற்றுவது ஒரு நல்ல நாளின் வேலை.

மூளையை விட அதன் கூட்டாளிகள் அதிகம் பேசுவார்கள் என்பது என் துணிபு. இசட்80 எதில்தான் இல்லை? வீடியோ விளையாட்டு எந்திரத்திலும் இருந்தது, இசைக்கருவியிலும் இருந்தது. ஆனால் 6845 என்ற சில்லு இருந்தால் அந்தச் சாதனம் ஒரு திரைக்குப் படம் கொடுத்தது. 765 அல்லது 1793 இருந்தால் ஃபிளாப்பி தட்டைச் சுழற்றியது. 8251, 6850, 8250 ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் பிட் பிட்டாகத் தொடரிணைப்பில் பேசியது; பக்கத்தில் 1488, 1489 என்ற ஜோடி இருந்தால் அந்தப் பேச்சு ஆர்.எஸ்.232 முறைப்படி நடந்தது, அதற்காகப் போர்டுக்குக் கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட்டுகளும் தேவைப்பட்டிருக்கும். போர்டுக்குச் சீரான துடிப்பைத் தரும் படிகங்களின் உலோக உறையில் எழுதிய அதிர்வெண்ணும் இதுபோலவே. 1.8432 மெகாஹெர்ட்ஸ் என்பதைப் பதினாறால் வகுத்தால் 115200 வரும். தொடரிணைப்பின் வேகங்களுக்குப் பிறந்த எண் அது. 14.31818 அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் துணையலையைப் போல நான்கு மடங்கு. அதை மூன்றால் வகுத்துத்தான் ஐ.பி.எம். பி.சி. தன் 4.77 மெகாஹெர்ட்ஸைப் பெற்றது. 17.734475 கண்டால் நம் நாட்டிலும் வழங்கிய ‘பால்’ (PAL) முறைத் தொலைக்காட்சி. 32.768 கிலோஹெர்ட்ஸ் என்றால் உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது.

என் பெட்டியில் டி780 இருந்தது, பக்கத்தில் ஒரு மின்கலத்தோடு இணைந்த 6116 நினைவகம் இருந்தது. படிகங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல் இல்லை. தீப்பெட்டியைவிடப் பெரிய உலோக உறை, சுற்றிலும் வெப்பம் போகாத நுரைப்பஞ்சு, மேலே 5 மெகாஹெர்ட்ஸ் என்ற எழுத்து: எப்போதும் ஒரே வெப்பத்தில் வைத்துக் காக்கும் அடுப்புப் படிகம். அதிர்வெண் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட நகரக் கூடாது என்று கவலைப்படும் கருவியில்தான் இவ்வளவு செலவு செய்வார்கள். அதை அடுத்து, செம்புத் தகட்டால் முழுவதும் மூடிய ஓர் அறையும், பின்புறம் ஆன்டெனா கம்பிக்கான சாக்கெட்டும் இருந்தன. கப்பலில் ஏறிய, வானிலிருந்து எதையோ கேட்ட, நேரத்தையோ அதிர்வெண்ணையோ மிகத் துல்லியமாக அளந்த ஒரு கணினி என்ற அளவுக்கு அப்போதே வந்துவிட்டேன்.

நினைவகச் சில்லுகளில் கண்ணாடிச் சன்னல் உள்ளவற்றை விடாமல் பாதுகாக்க வேண்டும். அவை ஈப்ராம்; நிரல் அவற்றில்தான் இருக்கிறது. 27 என்று தொடங்கும் எண்ணின் மீதி இலக்கங்கள் கொள்ளளவைக் கிலோபிட்டில் சொல்லும்: 2716 என்றால் 16 கிலோபிட், அதாவது 2 கிலோபைட், 2764 என்றால் 8 கிலோபைட். சன்னல் மீது ஒட்டிய காகிதம் அழகுக்காக ஒட்டியதல்ல. புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே இருப்பது அழியும், நம் ஊர் வெயிலில் சில வாரங்கள் திறந்து கிடந்தாலே ஆபத்து. அந்தக் காகிதத்தில் நிரலின் பதிப்பு எண்ணும் தேதியும் கையால் எழுதியிருப்பது வழக்கம் என்பதாலும் அதை உரிக்கக் கூடாது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஈப்ராம் படிப்பான் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்கிவைத்துக்கொண்டால், சில்லைக் கழற்றி உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுத்து, அதில் எழுத்துகளாகப் படிக்கக்கூடியவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். கருவி தன் திரையில் காட்டவிருந்த சொற்கள் அப்படியே வெளியே வரும். இனங்காணும் வேலையில் இதற்கு இணையான இன்பம் எனக்கு வேறில்லை.

இணைப்பான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். போர்டின் விளிம்பில் பொன்பூச்சுள்ள விரல்களை எண்ணினாலே குடும்பம் தெரியும்: பக்கத்துக்கு 50 வீதம் நூறு இருந்தால் 1975இன் ஆல்டேர் கணினியில் தொடங்கிய எஸ்-100, பக்கத்துக்கு 31 வீதம் 62 இருந்தால் பழைய பி.சி.யின் அட்டை, விளிம்பு விரலுக்குப் பதில் மூன்று வரிசையில் 96 ஊசிகள் இருந்தால் பெரும்பாலும் வி.எம்.இ. போன்ற தொழிற்சாலைக் கணினி. 34, 20 என்று இரண்டு பட்டைக் கம்பிகள் ஒன்றாக வந்தால் 1980களின் ஹார்ட் டிஸ்க். இனம் தெரியாத இணைப்பானில் மின்சாரம் நுழையும் ஊசி எது என்று அறிய 74 வரிசையே உதவும். பதினான்கு கால் சில்லில் பொதுவாக 7ஆவது கால் தரை, 14ஆவது கால் 5 வோல்ட்; பதினாறு கால் சில்லில் 8, 16. மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து அந்தக் கால்களிலிருந்து இணைப்பான் வரை தொட்டுக்கொண்டே போனால் இரண்டும் அகப்படும். 7475, 7476, 7490, 7493 போன்ற சிலவற்றில் 5ஆவது கால்தான் 5 வோல்ட் என்பதால் ஒரே சில்லை நம்பாமல் இரண்டு மூன்றைச் சோதிக்க வேண்டும்.

இந்தியச் சாமான்களுக்குத் தனியாக ஒரு சொல். 1967இல் ஐதராபாத்தில் தொடங்கிய எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 1969இலேயே டி.டி.சி.-12 என்ற கணினியைச் செய்தது, ஐ.பி.எம். 1978இல் நாட்டை விட்டுப் போன பிறகு உள்நாட்டுப் பெயர்கள் பெருகின. 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியாகப் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. அரசு அலுவலகத்துக் கழிவு ஏலத்தில், அதாவது ‘கண்டம்’ ஆன சாமான்களுக்கு நடுவில், கருப்புச் சிவப்பு விசைகள் கொண்ட கனத்த விசைப்பலகையைக் கண்டால் புரட்டிப் பாருங்கள். சொத்துப் பதிவேட்டு எண்ணை வண்ணத்தூரிகையால் எழுதும் நம் அலுவலக வழக்கம் வாங்கிய ஆண்டையும் துறையையும் சேர்த்தே காட்டிக்கொடுப்பதால், அந்த எழுத்தை எக்காரணம் கொண்டும் சுரண்டக் கூடாது.

கடற்கரைக்கே உரிய தொல்லை உப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்து கிடந்த போர்டில் படியும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். செப்புத் தடம் பச்சை பூக்கும், சில்லின் கால்கள் உள்ளுக்குள் அரித்து, தொட்டால் ஒடியும். பச்சையும் கருப்பும் ஒன்றல்ல. வெள்ளி முலாம் பூசிய கால்கள் கந்தகத்தால் கறுத்துப்போவதும் உண்டு. அது கோரமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் தீங்கில்லை. உப்பு ஆல்கஹாலில் எளிதில் கரையாது என்பதால் முதலில் வாலை வடிநீரில் கழுவி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை ஓட்ட வேண்டும். கிணற்று நீரைப் பயன்படுத்துவது உப்பை உப்பால் கழுவுவதாக முடியும். நிக்கல் காட்மியம் மின்கலம் ஒழுகியிருந்தால் அது காரம். சிறிது வினிகரால் தணித்துவிட்டுக் கழுவலாம். எழுத்து மங்கிய சில்லைத் தேய்க்காமல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் சுண்ணக்கட்டித் தூளை மெல்லத் தடவிப் பார்க்கலாம். போர்டு முழுவதும் மெருகெண்ணெய் பூசியது போல் பளபளத்தால் அது ஈரத்துக்கு எதிரான காப்புப் பூச்சு. அதுவும் ஒரு சாட்சி: கடலுக்கோ போர்க்களத்துக்கோ போகும் கருவிக்குத்தான் அந்தச் செலவு செய்வார்கள். என் பெட்டியின் இரண்டு போர்டுகளிலும் அது இருந்தது.

ஈப்ராம்களைப் படித்தபோது அட்சரேகை, தீர்க்கரேகை, கிரீன்விச் நேரம், வேகம் என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கங்களும், செயற்கைக்கோள் எண், டாப்ளர் என்ற சொற்களும் வந்தன. அத்துடன் ஐயம் தீர்ந்தது. ஜி.பி.எஸ்.ஸுக்கு முன் அமெரிக்கக் கடற்படை நடத்திய ‘டிரான்சிட்’ என்ற வழிகாட்டு முறை 1967இல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டு 1996 வரை ஓடியது. ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களைச் சுற்றிய செயற்கைக்கோள்கள் 400 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒலிபரப்பின. செயற்கைக்கோள் நெருங்கி வரும்போது கூடி, விலகும்போது குறையும் அந்த அதிர்வெண் மாற்றத்தை, அதாவது டாப்ளர் விளைவை, அளந்துதான் கப்பல் தன் இடத்தைக் கணக்கிட்டது. அடுப்புப் படிகம் அங்கே ஏன் இருந்தது என்பதற்கும், கணக்குப் போட ஒரு கணினி ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் அதுவே விடை. மறுவாரம் கடைக்காரரிடம் "இது கப்பல் சாமான்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் அத்தா எடுத்ததாகத்தான் இருக்கும். வாலிநோக்கத்தில் கப்பல் உடைத்தபோது லாரி லாரியாக வாங்கிப் போட்டார்" என்றார்.

பெட்டியில் நூல் கட்டித் தொங்கவிட்ட அட்டையில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறேன், புதிய சான்று கிடைத்தால் அழித்து எழுதலாம் என்பதற்காக: "கப்பல் செயற்கைக்கோள் வழிகாட்டி, டிரான்சிட் முறை, உறுதி. டி780 மூளை, உறுதி. 1984 நடுப்பகுதிக்குப் பின், உறுதி. ஒரு சில்லு மாற்றம் 1988க்குப் பின், பெரும்பாலும். வாலிநோக்கம், கடைக்காரர் சொல். தயாரிப்பாளர்?"